நேராத விபத்தும் நேர்ந்த குற்றமும்

"போய்ச் சுகமாய்த் திரும்பியாயிற்றல்லவா? பிறகென்ன விசாரணை?" என்பது நம்மவர் நாவில் அடிக்கடி கேட்கும் வாசகம். தேய்ந்த டயரோடு தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்வந்த பஸ்காரரும் இதையே சொல்லுகின்றனர்; திறந்த லாரியில் முப்பது ஆளை நிற்கவைத்து வேலைக்காட்டுக்கு அனுப்பியவரும் இதையே சொல்லுகின்றனர். முடிவு நன்றாயிருக்குமானால் தொடக்கத்தைக் கிளறலாகாது என்பது இவர்தம் கொள்கை. இக்கொள்கை நேர்மையானதா என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம். உதாரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. இக்கட்டுரையை எழுதும் நாமே உதாரணம்.

ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாம் கிராணி உத்தியோகம் பார்த்து வருகின்றோம். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணுவதும், எண்ணியதை எழுதுவதும், எழுதியதற்குக் கையெழுத்திடுவதும் நமது பிழைப்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விடுமுறையில் தோட்டத்துக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து, மெர்சிங் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு தீவைப் பார்த்துவரத் தீர்மானித்தன. ஆங்கிலம் படித்தவர், மலாயும் பேசுவார், கணக்கு வழக்குத் தெரிந்தவர் என்று ஏற்பாட்டையெல்லாம் நம்மிடம் ஒப்புவித்தனர். பிரயாணிகள் 17 பேர். படகோ 12 பேருக்கு அனுமதி பெற்றது. அந்த எண் அதன் பக்கத்தில் வெள்ளை வர்ணத்தால் எழுதியுமிருந்தது. இரண்டாவது படகு அமர்த்தினால் தலைக்கு 30 வெள்ளி கூடும். அதைக் கொடுக்க எவருக்கும் மனமில்லை; கேட்க நமக்கும் மனமில்லை. படகுக்காரர் சற்றுத் தயங்கினார். "பரவாயில்லை பக்சிக், பாதிப் பேர் சின்னப் பிள்ளைகள்தாமே" என்று மலாயில் அவரைத் தேற்றி இணங்கவைத்தவர் நாமேயன்றி வேறொருவரல்லர்.

படகுத்துறையில் பிரயாணிகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கவேண்டியிருந்தது. பன்னிரண்டுக்கு மேல் எழுதினால் படகு புறப்படாது. ஆகவே பன்னிரண்டே எழுதினோம். விடுபட்டவர் ஐவர்: மூன்று குழந்தைகள், காது மந்தமான ஒரு கிழவி, தோட்டத்தில் புதிதாய் வேலைக்குச் சேர்ந்து அண்டை வீட்டாரோடு உடன்வந்த ஓர் இந்தோனேசியப் பெண். ஏன் இவ்வைவரை விட்டோமென்று அன்று யாரும் கேட்கவில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. பேனா தானாகவே ஓடிற்று. பின்னர் யோசித்தபொழுதுதான் விளங்கிற்று, "என் பெயர் எங்கே?" என்று கேட்கமாட்டாதவர் யாவரோ அவர்களையே அப்பேனா பொறுக்கியெடுத்திருந்ததென்பது.

போகும்போது கடல் எண்ணெய் பூசினாற்போல் கிடந்தது. திரும்புகையில், மாலை நான்கு மணியளவில், காற்றெழுந்தது. கடலோடிகளுக்கு அது ஒரு பொருட்டாயிராது. ஆனால் ஐந்து பேர் மிகுதியாக ஏறிய படகின் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு சாணுக்கு மேல் இடைவெளியில்லை. அலையின் தலை உள்ளே வந்து விழலாயிற்று. படகுக்காரரின் கையாள் பையன் வெட்டிய எண்ணெய் டின்னால் நீரை இறைத்தான். லைப் ஜாக்கெட்டுகள் பதினொன்று இருந்தன. பலகைக்கடியில் ஒரே கயிற்றால் கட்டிக் கிடந்தன. நனைந்த விரல்களுக்கு அம்முடிச்சு அவிழவில்லை. தாய்மார் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டு ஒரே பக்கமாய்ச் சாய்ந்தனர். கால்மணி நேரம் இவ்வாறு கழிந்தது. பிறகு ஒரு சிறு தீவின் மறைவில் காற்றடங்கிற்று, கரை சேர்ந்தோம். எல்லோரும் ஈரத்துணியோடு மீ கோரெங் சாப்பிட்டுப் படமும் பிடித்துக்கொண்டனர். "நல்ல பிரயாணம், கிராணியாரே, அடுத்த தடவையும் நீங்களே பாருங்க" என்றனர்.

மறுநாட் காலை பெரட்டில் பெயர் கூப்பிடுகையில்தான் நமக்கு நெஞ்சு பதைத்தது. படகு மூழ்கியிருந்தால் தேடப் போகிறவர்கள் நம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடியிருப்பார்கள். பன்னிரண்டு பேர் அகப்பட்டதும், வேலை முடிந்ததென்று திரும்பியிருப்பார்கள். மற்ற ஐவரும் கடலில் மிதந்துகொண்டிருக்க, காகிதத்தில் அவர்கள் பிறக்கவேயில்லை.

தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார். "நடக்காத கொலைக்குத் தூக்குமரம் தேடுகிறீர்கள். ஒருவர் தலைமுடியாவது நனைந்ததற்குமேல் கெட்டதா? சேதமில்லாத இடத்தில் குற்றமேது?" என்றார். இவர் வாதம் இலேசில் தள்ளத்தக்கதன்று. உலகத்துச் சட்டங்களிற் பல இவர் பக்கமே நிற்கின்றன. ஒரே விதமாய்க் குடித்து ஒரே விதமாய் வண்டியோட்டிய இருவரில் ஒருவன் முன் குழந்தை குறுக்கிட்டது, மற்றவன் முன் குறுக்கிடவில்லை. முன்னவன் நெடுங்காலம் சிறையிலிருக்கிறான். பின்னவன் வீட்டில் உறங்குகிறான். இருவருக்குமிடையே உள்ள வேற்றுமை அந்தக் குழந்தை தெருவில் இறங்கிய நேரமேயன்றி, அவ்விருவருடைய மனத்தில் ஏதுமில்லை.

இவ்விடத்தில் ஓர் ஆங்கிலேயரை நினைவுகூர வேண்டியவராகின்றோம். வில்லியம் கிங்டன் கிளிஃபர்டு என்பவர் பெரிய கணித வல்லுநர். 1845-இல் பிறந்து 1879-இல் இளமையிலேயே மறைந்தவர். 1870-இல் சூரிய கிரகணத்தைக் காணச் சென்ற கூட்டத்தோடு போய்ச் சிசிலித் தீவின் அருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர். அவர் 1877-இல் 'நம்பிக்கையின் ஒழுக்கம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் தொடக்கமே ஒரு கப்பற்காரன் கதை. அவனுடைய கப்பல் பழையது, பலமுறை செப்பனிடப்பட்டது. அதில் அயல்நாடு சென்று குடியேறப்போகும் குடும்பங்கள் ஏறவிருந்தன. கப்பல் தாங்குமோ என்ற ஐயம் அவனுக்கு எழாமலில்லை. பழுது பார்த்தால் பெருஞ்செலவாகுமே! ஆகையால், எத்தனையோ புயலைக் கடந்து வந்த கப்பலன்றோ, புதுவாழ்வு தேடிச் செல்லும் ஏழைகளைக் கடவுள் கைவிடுவாரோ என்றெல்லாம் எண்ணி எண்ணி, அந்த ஐயத்தை மெல்ல மெல்லக் கழுத்தை நெரித்துக் கொன்றான். கப்பல் மனநிறைவோடு அனுப்பப்பட்டது. அது நடுக்கடலில் மூழ்கியபோது இன்ஷூரன்ஸ் பணத்தைப் பெற்றுக்கொண்டு வாய்மூடியிருந்தான். அவன் அம்மக்களின் சாவுக்குக் குற்றவாளி என்கிறார் கிளிஃபர்டு. இதுவரையில் எவரும் மறுக்கமாட்டார். அடுத்து அவர் கேட்பதுதான் உறுத்துவது: கப்பல் மூழ்காமல் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்திருந்தால் அவன் குற்றம் குறையுமா? குறையவே குறையாது, அவன் அகப்பட்டுக்கொள்ளாதவனாயிருப்பானே தவிரக் குற்றமற்றவனாகமாட்டான் என்பது அவர் முடிவு.

ஆங்கிலப் பள்ளியில் இக்கட்டுரையைப் பரீட்சைக்காகப் படித்தோம். கப்பற்காரனைக் கடுமையாகக் கண்டித்து எழுதி நல்ல மார்க்கும் வாங்கினோம்.

இப்பொழுது அதை மறுபடி வாசிக்கையில், நம்மைவிட அக்கப்பற்காரன் ஒருபடி மேலானவன் என்று தோன்றுகின்றது. அவன் தன்னைத்தானே ஏமாற்றி நம்பவாவது செய்தான். நாம் நம்பவுமில்லை; படகில் பதினேழு பேர் இருக்கின்றனர் என்பதைத் திட்டமாய் அறிந்தே பன்னிரண்டு என்று எழுதினோம். அவன் குற்றம் மனத்திலே. நம் குற்றம் மையிலே.

ஆயினும் கிளிஃபர்டுடன் நாம் முழுதும் ஒத்துப்போவதற்கில்லை. அவர் காட்டிய கப்பற்காரன் பணக்காரன். அவனுக்குப் பழுதுபார்க்கும் வசதி இருந்தது. நாம் ஏறிய படகின் சொந்தக்காரருக்கோ எஞ்சின் கடன் மாதந்தோறும் கட்டவேண்டியிருந்தது. ஆண்டு முடிவில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவருக்குப் பெரும்பாலும் தொழிலில்லை. எஞ்சிய மாதங்களில் பன்னிரண்டே பேரை ஏற்றுவேனென்று அவர் விரதம் பூண்டால், பதினேழு பேரை ஏற்றும் அடுத்த படகுக்காரரிடம் நாம் போயிருப்போம். அவருடைய மனச்சாட்சிக்கு விலை பேசினவர் வாடிக்கைக்காரராகிய நாம். கப்பற்காரனை மாத்திரம் கூண்டிலேற்றிவிட்டு, மலிவான டிக்கெட் கேட்டவனை வெளியே நிறுத்திவைப்பது பாதி நியாயமேயாகும்.

தனியொருவர் மனச்சாட்சி இவ்வாறு சந்தையில் தோற்றுப் போகின்றதனால்தான் சட்டம் வேண்டியிருக்கின்றது. இங்கிலாந்தில் சாமுவேல் பிலிம்சால் என்ற பார்லிமெண்ட் மெம்பர், அளவு மீறிப் பாரமேற்றிய உளுத்த கப்பல்களில் மாலுமிகள் சாவுக்கு அனுப்பப்படுவதைக் கண்டு கொதித்து, 1873-இல் ஒரு நூல் வெளியிட்டார்; 1875-இல் சபை நடுவே கூச்சலிட்டு அவமதிப்புக்கும் ஆளானார். 1876-இல் சட்டம் பிறந்தது. கப்பலின் விலாவில் ஒரு கோடு வரையவேண்டும். அக்கோடு நீரில் மூழ்குமளவுக்குப் பாரம் ஏற்றலாகாது. வேடிக்கை யாதெனில், கோட்டை எங்கே வரைவதென்பதைக் கப்பல் முதலாளியின் விருப்பத்துக்கே அச்சட்டம் விட்டிருந்தது. புகைபோக்கியின்மேல் கோடிழுத்த ஒரு கப்பல் தலைவனைப்பற்றிய கதையும் வழங்குகின்றது. 1890-இல்தான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. இன்று உலகத்துச் சரக்குக் கப்பல்களின் விலாவிலெல்லாம் காணப்படும் வட்டமும் குறுக்குக்கோடும் அந்தப் போராட்டத்தின் தழும்பே. நம் படகின் பக்கத்தில் வெள்ளை வர்ணத்தில் எழுதியிருந்த 12 என்ற எண்ணும் அதே குலத்தைச் சேர்ந்தது. அதைக் கண்ணால் கண்டோம், கண்டுந்தான் ஏறினோம்.

சட்டத்தை அப்படியே அனுசரித்தாற்கூடப் போதாது என்பதற்கு 'டைட்டானிக்' சாட்சி. 1912-இல் அக்கப்பல் 2,200 பேருக்கு மேல் ஏற்றிச் சென்றது. அதன் உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்கே இடம். இருந்தும் அன்றைய சட்டம் கேட்டதைவிட மிகுதியான படகுகளையே அது வைத்திருந்தது! சட்டம் கப்பலின் பருமனைக் கொண்டு கணக்கிட்டதே தவிர ஆட்களின் தலையை எண்ணவில்லை. கப்பல் மூழ்குகையில் முதலில் இறக்கிய படகில் 65 பேருக்கு இடமிருந்தும் முப்பது பேர்கூட ஏறவில்லை.

இவையெல்லாம் வெள்ளைக்காரர் கதை, பழங்கதை என்று எவரேனும் கருதலாம். 2014-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் அந்தமானில் போர்ட் பிளேர் அருகே 'அக்வா மரீன்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 25 பேருக்கென அமைந்த அப்படகில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். மாண்ட இருபதுக்கு மேற்பட்டவரிற் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து உல்லாசப் பிரயாணம் சென்ற தமிழர். நம்மைப்போலவே குடும்பம் குடும்பமாய்ப் போனவர்கள்; அவர்களிலும் எவரோ ஒருவர் ஏற்பாடுகளைப் பார்த்திருப்பார். அச்செய்தி பத்திரிகையில் வந்தபோது நாம் அதை வாசித்து "அடடா!" என்றோம். அந்த "அடடா!" மெர்சிங் படகுத்துறையில் நமக்கு நினைவு வரவில்லை.

பெயரில்லாப் பிரயாணிகளின் கதை நமது மாநிலக் கரையிலேயே நடந்தது. 2021 டிசம்பர் 15-ஆம் நாள் விடியுமுன், கோத்தா திங்கியைச் சேர்ந்த தஞ்சோங் பாலாவ் கடற்கரையருகே, வேலை தேடி இரகசியமாய்ப் புறப்பட்ட இந்தோனேசியத் தொழிலாளிகளை ஏற்றிய படகு பேரலையில் கவிழ்ந்தது. மாண்டவர் இருபதுக்குக் குறையார். அத்தகைய படகுக்குப் பட்டியலேது? எத்தனை பேர் ஏறினர் என்பதைத் தப்பிப் பிழைத்தவர் வாய்மொழியாற்றான் அறியவேண்டியிருந்தது. நம் பாட்டன்மார் கடல் கடந்தபொழுது மேல்தட்டில் கால்நடைபோல் கிடந்தாலும், ஏட்டில் ஒரு பெயராவது, பிழையாகவேனும், எழுதப்பட்டிருந்தது. அவ்வேட்டை எழுதினவனும் ஒரு கிராணிதானே என்று இப்பொழுது நினைக்கின்றோம்.

படகொன்று புறப்படுமுன் செய்யவேண்டுவன யாவை என்பதை நாம் பின்னர்க் கற்றோம். ஐந்தாறு மாதங்கழித்து வேறொரு காரியமாக மெர்சிங் சென்றபோது, ஆற்றோரத்தில் ஒரு முதிய மலாய்க்காரர் தம் படகை ஆயத்தம் செய்வதைத் திண்ணையிலமர்ந்து பார்த்தோம். முதலில் அடிப்பலகையைத் தூக்கி, கீழே தேங்கியிருந்த நீரை விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தார். உப்பென்றால் கடல்நீர், எங்கோ கசிகின்றது. உப்பில்லையென்றால் இரவில் பெய்த மழை. நீரை இறைத்துவிட்டு, வடிகால் துளையின் திருகாணி இறுகியிருக்கின்றதா என்று கையால் தடவினார். எஞ்சின் அருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடியிற் பாம்புபோல் சுருண்டு கிடந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். இதே மெர்சிங்கிலிருந்து தியோமானுக்குச் சென்ற ஒரு பயணப்படகு, 2007 அக்டோபர் 13-இல், நோன்புப் பெருநாள் அன்று, தீப்பற்றி உயிர்கள் பலியாயின என்பதை அவ்வூர்க்காரர் மறந்திருப்பாரோ?

பிறகு பெட்ரோல் டின்களை மூன்றாய்ப் பிரித்து வைத்தார். ஒன்று போவதற்கு, ஒன்று வருவதற்கு, ஒன்று எதற்கென்று தெரியாததற்கு. எஞ்சினை முடுக்கி, அதைக் குளிர்விக்கும் நீர் பின்னால் பீய்ச்சி வருவதைக் கண்டபின் நிறுத்தினார். சுருள் சுருளான ஒரு சிவப்புக் கயிற்றைத் தம் மணிக்கட்டில் மாட்டிப் பார்த்தார். அலையடித்து அவர் கடலில் விழுந்தால் அக்கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சினை அணைத்துவிடும். இல்லையேல் ஓட்டியில்லாப் படகு வட்டமிட்டு வந்து விழுந்தவரையே அரைத்துவிடும். நங்கூரத்தின் கயிற்றை முழுதும் அவிழ்த்து மறுபடி சுற்றினார். "தீவுக்குப் போகிற படகுக்கு நடுக்கடலில் நங்கூரம் எதற்கு?" என்று கேட்டோம். எஞ்சின் நின்றுபோனால் படகு அலைக்கு விலாவைக் காட்டித் திரும்பும். நங்கூரம் மூக்கை அலைக்கு நேரே பிடித்து நிறுத்தும் என்றார். லைப் ஜாக்கெட்டுகள் கட்டிக் கிடக்கவில்லை. ஒவ்வோர் இருக்கையிலும் ஒவ்வொன்றாகக் கிடந்தன. சிறுவர்களுக்குரியவற்றைத் தனியே வைத்திருந்தார். அவற்றில் தொடைகளுக்கிடையே மாட்டும் வார் உண்டு. அந்த வார் இல்லாவிட்டால் குழந்தை நழுவிக் கீழே போகும், சட்டை மட்டும் மேலே மிதக்கும். எதிரேயிருந்த கடைக்காரப் பெண்ணிடம், எந்தத் தீவுக்குப் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார், அதற்கு மேல் ஒரு மணிநேரம் கழிந்தால் யாருக்குத் தகவல் சொல்லவேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு வந்தார்.

கடைசியாக அவர் செய்த ஒன்று நம் மனத்தைவிட்டு அகலவில்லை. தம் கையாளை அருகே கூப்பிட்டு, இராத்திரி தூங்கினாயா என்று கேட்டார். அவன் விழிகள் சிவந்திருந்தன. குழந்தைக்குக் காய்ச்சல் என்றான். அவனுக்கு அன்றையக் கூலியிற் பாதியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறொருவனைத் தொலைபேசியில் அழைத்தார். இத்தனையும் செய்ய இருபது நிமிஷமாயிற்று. பிரயாணிகள் ஏறும்போது ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணி, அந்த எண்ணை எஞ்சின் மூடியில் சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டார்.

படகோட்டியும் படகின் ஓர் உறுப்பே. பலகையைச் சோதிப்பவர் அவனைச் சோதியாமல் விடலாகாது. 2022 ஏப்ரல் 6-ஆம் நாள் மெர்சிங்குக்கு அப்பாலுள்ள தோக்கோங் சங்கோல் என்ற சிறுதீவருகே நால்வர் முக்குளித்தனர். மேலே வந்து பார்க்கையில் அவர்களை ஏற்றி வந்த படகைக் காணவில்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. மறுநாள் ஒருவர் மீட்கப்பட்டார்; மேலும் இருவரை ஏறக்குறைய இரண்டரை நாளுக்குப் பிறகு மீனவர்கள் வெகுதூரம் தெற்கே கண்டெடுத்தனர். நான்காமவனாகிய 14 வயதுச் சிறுவன் தன் தந்தையின் கண்ணெதிரே கடலோடு போய்விட்டான். படகோட்டியைக் கைது செய்து சோதித்ததில் போதைமருந்து உட்கொண்டிருந்தது தெரியவந்ததாகக் காவல்துறையினர் அறிவித்தனர். வழக்கின் நியாயம் பேசுவது நம் வேலையன்று. நாம் கேட்பது இது மட்டும்: அன்று காலை கரையில், அந்த ஓட்டியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவேண்டியவர் யார்?

அவரவர் வேலையை அவரவர் பார்ப்பரென்று நம்பியிருப்பதே கிராணி உலகத்தின் தருமம். அதன் விலையும் கடலிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. 1987 மார்ச் 6-ஆம் நாள் பெல்ஜியத்தின் ஜீப்ரக் துறைமுகத்தினின்று 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்' என்ற பெருங்கப்பல் தன் முன்கதவு திறந்தபடியே புறப்பட்டு, சிறிது நேரத்திற்குள் சாய்ந்தது. மாண்டவர் 193. கதவையடைக்க வேண்டியவர் அறையில் உறங்கிப்போனார். அவர் வந்து அடைப்பாரென்று மேலதிகாரி நினைத்தார். தலைவர் நின்ற இடத்திலிருந்து கதவு தெரியாது. அது மூடியதைக் காட்டும் விளக்குமில்லை. தவறென்று யாரும் வந்து சொல்லாததனால் எல்லாம் சரியென்று கொள்வது அக்கப்பலின் வழக்கம். விளக்குப் பொருத்தித் தரும்படி தலைவர்கள் முன்னமே கேட்டிருந்ததை மேலிடம் பொருட்படுத்தவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது. நம் அலுவலகங்களிலும் புகார் வராத நாளே நல்ல நாள். புகார் வராமைக்குக் காரணம் குறையில்லாமையா, கேட்பாரில்லாமையா என்று நாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

இடையே ஒரு சொல்லைப்பற்றிச் சொல்லிப் போகலாம். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மேலாளுக்குத் 'தண்டல்' என்று பெயர் வழங்கி வந்ததை முதியோர் அறிவர். அது முதலிற் படகுச் சொல். மாலுமிகளுக்குத் தலைவனையே தண்டல் என்றனர். கடலிலிருந்து காட்டுக்கு அச்சொல்லைக் கொண்டுவந்த நாம், தோள்தொட்டு எண்ணும் வழக்கத்தைக் கொண்டுவந்தோமா என்பது ஐயமே.

நல்ல நேரம் பார்க்கும் விஷயத்தையும் மறைப்பதற்கில்லை. அன்று நம் கூட்டத்தார் இராகுகாலம் கழிந்த பிறகே படகேறுவோமென்று பிடிவாதமாய்ப் படகுத்துறையில் காத்திருந்தனர். கோயிலில் தேங்காயும் உடைத்திருந்தனர். நம்பிக்கை உடையாரை நாம் ஏசுவதில்லை. ஆனால் மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழமற்றது. நீரேற்றம் பார்த்தே பெரிய படகுகள் போக்குவரத்து செய்கின்றன. நீரேற்றமோ நிலவைப் பின்பற்றுவது. பஞ்சாங்கத்தில் இராகுகாலம் பார்த்தவர் அதே பக்கத்தில் திதியைப் பார்த்திருந்தாலாவது அமாவாசை பௌர்ணமியை அறிந்து கடலின் போக்கில் ஒரு பாதியை உணர்ந்திருப்பர். கிளிஃபர்டின் கப்பற்காரனும் கடவுளை நம்பியே கப்பலை அனுப்பினான். பழுது பார்க்கும் கூலி அந்த நம்பிக்கையினால் மிச்சமாயிற்று. தேங்காய் உடைத்த கை, படகின் அடிப்பலகையைத் தூக்குவதற்கும் போதுமே!

விடுபட்ட ஐவரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவதென்று துணிந்தோம். இந்தோனேசியப் பெண் அதற்குள் ஊர் திரும்பிவிட்டாள். அவளிடம் சொல்லக் கிடைக்கவில்லை. மூன்று குழந்தைகளில் இரண்டின் தாய் நாம் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். பிறகு ஒரு மாதம் நம்மோடு பேசவில்லை. அது நியாயமே. கிழவியிடம் சொல்வதுதான் கடினமாயிருந்தது. அவருக்குக் காது கேளாதாகையால் உரக்கக் கத்தவேண்டியதாயிற்று. நம் குற்றத்தை லயத்திலிருந்த அத்தனை வீடும் கேட்டது. இரண்டு முறை கத்திய பிறகு கிழவிக்கு விளங்கிற்று. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எத்தன வருசமா செவப்புக் கார்டுய்யா எனக்கு. எம்பேரு எந்தத் தாள்ல இருந்துச்சு, கிராணியாரே, இதுல இருக்கறதுக்கு?" என்றார். கோபமாய்ச் சொல்லவில்லை. நாம் மறுமொழி அறியாமல் நின்றோம்.

அடுத்த ஆண்டு மறுபடியும் பிரயாணப் பேச்சு எழுந்தது. இரண்டு படகு, எல்லோர் பெயரும் பட்டியலில், தலைக்கு 30 வெள்ளி கூடுதல், இல்லையேல் நாம் ஏற்பாடு செய்வதற்கில்லை என்றோம். ஆங்கிலம் படித்தவனுக்கு வந்த கொழுப்பு என்று சிலர் விலகிக்கொண்டனர். எஞ்சியவர் பதினான்கு பேர். அந்த முதிய படகுக்காரரையே தேடிப் பிடித்தோம். கைக்குழந்தை முதல் கிழவிவரை பெயரெழுதிக் கொடுத்தோம். தம் பெயரைத் தாளில் காட்டச் சொல்லிக் கிழவி ஒருமுறை விரலால் தடவினார்; படிக்கத் தெரியாது அவருக்கு.

படகுக்காரர் எல்லாவற்றையும் சோதித்தார். பிறகு கிழக்கே வெகுநேரம் பார்த்தார். அடிவானத்தில் மை தீட்டினாற்போல் ஒரு மேகம். "இன்றைக்கு வேண்டாம்" என்றார். முன்பணத்தையும் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார். குழந்தைகள் அழுதனர். படகுத்துறையிலேயே கட்டுச்சோற்றை அவிழ்த்து எல்லோரும் தின்றனர். பகல் ஒரு மணிக்குள் மேகம் கலைந்து வெயிலடித்தது; கடல் அசையாமற் கிடந்தது. வேறொரு படகு பாட்டும் கூத்துமாய்ப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு நம் கண்முன்னே புறப்பட்டுச் சென்றது. மாலையில் அது நலமாய்த் திரும்பியிருக்கும்.

"பாத்தீங்களா கிராணியாரே, ஒண்ணுமே நடக்கலியே!" என்றார் கூட்டத்தில் ஒருவர். சிலர் சிரித்தனர். நாம் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸின் வாசலில் நின்று, ஏறுகிறவர்களைத் தோள்தொட்டு எண்ணினோம். பதினான்கு இருந்தது.